“இன்னும் அரெஸ்ட் பண்ணலை”

தீர்ப்பு வந்த அன்று காலை ஆபீசில் டீ குடித்தபடியே அதைப் படித்தேன். போலீஸ் ஒருவரைப் பிடித்தால் உடனே வீட்டுக்குச் சொல்ல வேண்டும், அவர் கேட்கும் வக்கீலைப் பார்க்கவிட வேண்டும், மாஜிஸ்திரேட் அவரை நேரில் நிறுத்தி ‘அடித்தார்களா’ என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்று ஐகோர்ட் சொல்லியிருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்ப்பவள். சரியான தாள் கையில் இருந்தால் எந்தச் சரக்குப் பெட்டியும் கேட்டைத் தாண்டிவிடும் என்பதுதான் என் பிழைப்பில் நான் கற்றது. மனிதனுக்கும் அப்படி ஒரு தாள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

அடுத்த வாரமே என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவன். இலங்கைக்குக் கடத்த வைத்திருந்த பீடி இலை மூட்டைகள் கரையில் எங்கேயோ பிடிபட்டனவாம்; அதை ஏற்ற இருந்த படகு யாருடையது என்று இவனுக்குத் தெரிந்திருக்குமாம். கடலுக்குக் கிளம்பியவனைப் பாதி வழியில் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். தம்பி பெண்டாட்டி போனில் அழுதாள்.

“மைனி, என்ன ஏதுன்னு ஒண்ணும் சொல்லாம கூட்டிட்டுப் போயிட்டாவ.”

நான் அழவில்லை. தீர்ப்பை பிரிண்ட் எடுத்தேன். வேண்டிய வரிகளில் மஞ்சள் கோடு போட்டேன். ஆபீசில் லீவ் சொல்லிவிட்டு, எங்கள் தெரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போடச் சொன்னார். தாளை வாங்கி, கோடு போட்ட இடங்களைப் பொறுமையாகப் படித்தார்.

“நல்ல தீர்ப்புதாம்மா. ஆனா இது அரெஸ்ட் ஆனவங்களுக்கு. ஒங்க தம்பிய நாங்க இன்னும் அரெஸ்ட் பண்ணலையே. சும்மா விசாரணைக்கு வந்திருக்கான்.”

“அப்ப வீட்டுக்கு அனுப்புங்க சார்.”

“விசாரணை முடியட்டும்.”

“பாக்கவாது விடுங்க.”

“அரெஸ்ட் பண்ணுனா பாக்கலாம்.”

சுங்கத்தில் ஒரு பெட்டியைப் பிடித்து வைத்தால்கூட, பிடித்திருக்கிறோம் என்று எழுதித் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு சண்டை போடலாம். பிடிக்கவே இல்லை என்கிறவர்களிடம் எதை வைத்துச் சண்டை போடுவது? தம்பியின் செருப்பு வாசலில் கிடந்தது. அதையும் விட்டுவிட்டுத்தான் வந்தோம்.

மதுரைக்குப் போய் ஆட்கொணர்வு மனு போட வக்கீல் ஏற்பாடு செய்துகொண்டிருக்கும்போதே எனக்கு போன் வந்தது. தம்பியை அன்று காலைதான் அரெஸ்ட் செய்தார்களாம். தீர்ப்பில் சொன்னபடி வீட்டுக்குத் தகவல்!

கோர்ட்டில் பார்த்தபோது அவன் வலது கையில் மாவுக்கட்டு. பிடிக்கப் போனபோது ஓடைப் பாலத்திலிருந்து குதித்து விழுந்துவிட்டானாம். கடலின் அடி வரைக்கும் போய்வருகிறவன் ஓடையில் விழுந்து கையை முறித்துக்கொண்டான் என்று கூசாமல் எழுதியிருந்தார்கள்.

மாஜிஸ்திரேட் ஒரு பெண். அவரைக் குறை சொல்ல மாட்டேன். போலீஸ்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நிதானமாகக் கேட்டார்.

“பயப்படாம சொல்லுங்க. போலீஸ் அடிச்சாங்களா?”

சொல்லுலே, சொல்லிருலே என்று மனசுக்குள் கத்தினேன். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாயிற்று, வக்கீல் பக்கத்தில் நிற்கிறார், இதற்கு மேல் என்ன வேண்டும்? அவன் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தான்.

“இல்லம்மா. நானாத்தான் விழுந்தேன்.”

அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவன் ஜாமீனில் வந்த பிறகும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டைப் பிரித்தபோது முழங்கை பாதிதான் மடங்கியது. இனி இவ்வளவுதான் என்றார் டாக்டர். கயிற்றைப் பிடித்துப் படகில் ஏற முடியாதவனை யார் சங்குக்குக் கூட்டிப் போவார்கள்? ஒருவரும் கூப்பிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சோற்றைத் துழாவிக்கொண்டிருந்தான். வலது கை வாய்வரைக்கும் வராது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

“அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவனுவள கேள்வி கேட்டிருக்கலாம்லா. ஏம்ல சொல்லல?”

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கோர்ட்டுக்கு வரும்போது வேன்ல வச்சு சொன்னாவ யக்கா. மஞ்சக் கோடு போட்ட பேப்பர தூக்கிட்டு வந்தாளே, அவ ஒன் அக்காதான, ஹார்பர்லதான வேல பாக்கா, அவளயும் ஒருநா சும்மா விசாரணைக்குக் கூட்டிட்டு வாறோம்னாவ.”

ஸ்பூனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

“அரெஸ்டெல்லாம் பண்ண மாட்டோம்னாவ.”