குளத்தடி ஸ்டாப்பிங்

அந்தப் பஸ் டிரைவருக்கு டிப்போவில் வைத்திருந்த பெயர் கப்சிப். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்ததோடு சரி. மனிதர் வாயைத் திறந்தால் ஒன்று சோறு உள்ளே போகும், இல்லை கொட்டாவி வெளியே வரும். பேச்சு வந்து பார்த்தவர்கள் குறைவு. எதிரே ஒரு லாரிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு குறுக்கே வந்தால் மற்ற டிரைவர்கள் அவன் பரம்பரையையே இழுப்பார்கள். இவர் ஹாரனை ஒரு முறை அழுத்திவிட்டு அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் கடவுள் தேடிப் பிடித்து அப்படியொரு குடும்பத்தைக் கொடுப்பார். வீட்டு முன்னறையில் மனைவி பியூட்டி பார்லர் நடத்தினாள். இரண்டு சுழல் நாற்காலி, சுவரகலத்துக்கு ஒரு கண்ணாடி, தலை காயவைக்கும் மெஷின் ஒன்று. மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவள் குரல் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. புருவம் எடுக்கும்போது பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே பேசுவாள். நாற்காலியில் இருப்பவர்கள் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அசைந்தால் புருவம் போச்சு! மகள்கள் இருவரும் அம்மாவுக்குச் சளைத்தவர்கள் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பதிலையும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் மேல் கப்சிப்புக்கு உயிர்தான். ஆனால் அவருக்கும் காது இரண்டுதானே?

அதனால் அவருக்குக் குளம் தேவைப்பட்டது.

அவருடைய பஸ் ஊரைத் தாண்டி, செங்கல் சூளை முக்கையும் தாண்டி, சோளக்காடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய் அந்தக் குளத்தடியில் முடியும். முன்பு அங்கே கல் உடைத்தார்கள். பாறைக்கு அடியிலிருந்து ஊற்று கிளம்பி வேலையைக் கெடுத்தது. ஆட்கள் போய்விட்டார்கள், தண்ணீர் தங்கிவிட்டது. அருமையான தண்ணீர். கரையில் நின்றால் அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரியும். ஒரு பக்கம் நாணல், இன்னொரு பக்கம் தண்ணீரை எட்டிப் பார்க்கிற மாதிரி ஓர் அத்தி மரம். பழம் ஒன்று 'ப்ளக்' என்று விழும். மீன்கள் ஓடி வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். நீர்க்கோழி ஒன்று குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நாணலுக்குள் நுழையும். அதற்குமேல் அங்கே எதுவும் நடக்காது.

மதிய ட்ரிப்பில் சாப்பாட்டு நேரம் அங்கேதான். கண்டக்டர் கடைசி சீட்டில் நீட்டிப் படுத்துவிடுவான். விசிலை எப்போதும் தொலைத்துவிட்டு வாயாலேயே ஊதுகிறவன் என்பதால் அவனுக்கு விசில் என்றே பெயர். கப்சிப் அத்தி மரத்தடியில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸை மடியில் வைத்து, ஒவ்வொரு வாயாகச் சாப்பிடுவார். பொடி மீன்கள் வந்து குதிகாலைக் கடிக்கும். இந்தச் சுகத்துக்காகத்தான் மீதி நேரமெல்லாம் அவர் அந்த வண்டியை ஓட்டினார் என்று நான் அடித்துச் சொல்வேன்.

வீட்டில் இதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. கல்யாணமான புதிதில் மனைவி, "கடைசி ஸ்டாப்பிங்ல என்னங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"வெயில்."

அவ்வளவுதான். அவளும் பாவம், நம்பிவிட்டாள். நிற்க நிழல் இல்லாத இடத்தில் மனுஷன் சாப்பிடுகிறாரே என்று தினமும் ஈரத்துண்டும் தொப்பியும் கொடுத்து அனுப்பினாள். பார்லருக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி உருகினாள்.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. டிப்போவுக்குப் புதிதாக வந்த ரூட் ஆபீசர் டிக்கெட் மெஷினைத் தட்டிப் பார்த்தார். குளத்தடிக்கு ஒரு டிக்கெட்கூட இல்லை. ஆளே போகாத இடத்துக்கு எதற்கு டீசல்? அடுத்த மாதத்திலிருந்து பஸ் சூளை முக்கோடு திரும்பட்டும் என்றார். அதற்கு முன்னால் ஒரு நாள் தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

"அண்ணே, இது நாமளே தேடிக்கிட்ட வினை," என்றான் விசில்.

உண்மைதான். சூளை முக்குக்கும் குளத்துக்கும் நடுவே ஸ்டாப்பிங் எதுவும் கிடையாது, வீடுகள் மட்டும் இருந்தன. கப்சிப் ஒவ்வொருவரையும் அவரவர் வாசலிலேயே இறக்கிவிடுவார். கோழிப்பண்ணைக்காரர் காலி முட்டைத் தட்டுகளோடு நடக்க வேண்டாம், நைட் ட்யூட்டி முடிந்து அலுத்து வருகிற நர்ஸ் நடக்க வேண்டாம். பாதி வழியில் இறங்குகிறவர்களிடம் முழு டிக்கெட் வாங்க மனசு வராமல் விசில் சூளை முக்குக்கே டிக்கெட் போட்டுவிடுவான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரையும் வழியிலேயே உதிர்த்துவிட்டுக் காலி வண்டியாகக் குளத்துக்குப் போய்ச் சேர்வதில் கப்சிப்புக்கு ஒரு தனி ருசி இருந்தது. அதை விசில் அறியமாட்டான்.

குளம் கையை விட்டுப் போகப் போகிறது. ஆபீசரிடம் பேச வேண்டும், பயணிகளிடம் பேச வேண்டும். பேசுவதற்கு வாய் வேண்டுமே! டிப்போவில் ஆபீசர் அறை வாசலில் போய் நின்றார். "என்ன?" என்று கேட்டார் ஆபீசர். "வணக்கம் சார்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

அன்று வீட்டில் தட்டில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மனைவி பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். அந்த வீட்டில் அது பெரிய சம்பவம்.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

கப்சிப் சொன்னார். விட்டு விட்டு, தண்ணீரையும் மரத்தையும் மீனையும் சொல்லி முடித்தார். மகள்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். மனைவியின் முகம் சிவந்தது.

"அப்போ வெயில்?"

"இல்ல."

"நெழல்ல உக்காந்து காலை நனைச்சுக்கிட்டுச் சாப்பிட்டிருக்கீங்க! நான் இங்க தொப்பி தொப்பியா வாங்கிக் குடுத்திருக்கேன்! எங்கிட்டச் சொன்னா நான் என்ன, குளத்தையா குடிச்சிடுவேன்?"

"நீ வருவ," என்றார் அவர். அதைவிட நேர்மையான பதிலை ஒரு புருஷன் சொல்லி நான் கேட்டதில்லை. மகள்கள் சிரித்துவிட்டார்கள். மனைவி சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்ப் பாத்திரத்தை டமார் டமாரென்று வைத்தாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "அந்த ரோட்டுல யார் யார் எறங்குறாங்க?" என்று கேட்டாள்.

அடுத்த சில நாட்களில் பார்லர் நாற்காலியில் காரியம் நடந்தது. நர்ஸும், நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் அக்காவும், கோழிப்பண்ணைக்காரரின் மனைவியும் அவளிடம்தான் புருவம் எடுத்துக்கொள்வார்கள். நூலைப் பல்லில் கடித்தபடி அவள் சொன்னதற்கு மூன்று பேரும் கண்ணாலேயே சம்மதித்தார்கள். ஆபீசர் வருகிற அன்றைக்கு யாரும் வாசலில் இறங்கக் கூடாது, குளம் வரைக்கும் டிக்கெட்.

அந்த நாளும் வந்தது. ஆபீசர் முன் சீட்டில், மடியில் பையோடு, உர்ரென்று உட்கார்ந்திருந்தார். கப்சிப்பின் மனைவி பின்னால் பார்லர் கூட்டத்தோடு உட்கார்ந்து, தன் புருஷனை யாரோ எவரோ மாதிரி பார்த்தாள். விசில் வியர்க்க வியர்க்க எல்லோருக்கும் குளத்தடிக்கே டிக்கெட் போட்டான். சூளை முக்கு தாண்டியது. நாற்றுப்பண்ணை வாசலை நிறுத்தாமல் கடந்தபோது கப்சிப்புக்கு ஏதோ திருடுகிற மாதிரி இருந்தது. கோழிப்பண்ணை வந்ததும், பண்ணைக்காரர் பழக்கதோஷத்தில் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"டிரைவரே, எறங்..."

"உக்காருங்கண்ணே!" என்று கப்சிப்பின் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் பொத்தென்று உட்கார்ந்தார். ஆபீசர் திரும்பிப் பார்த்தார். பண்ணைக்காரர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

குளத்தடியில் பஸ் நின்றபோது வண்டி நிறைய ஆள். ஆபீசர் இறங்கி நின்று எல்லோரையும் பார்த்தார். இறங்கியவர்களில் பாதிப் பேர் குளத்தை ஏறெடுத்தும் பார்க்காமல், பையையும் தட்டையும் தூக்கிக்கொண்டு, வந்த வழியே விறுவிறுவென்று திரும்பி நடக்க ஆரம்பித்தார்கள். அவரவர் வீட்டுக்குப் போக வேண்டாமா? இதை யாரும் யோசிக்கவே இல்லை.

"என்னய்யா இது?" என்றார் ஆபீசர். "வந்தவங்க எல்லாம் வந்த வழியே போறாங்க? யாரை ஏமாத்துறீங்க?"

விசில் டயரைக் குனிந்து பார்த்தான். கப்சிப் மனைவியைத் தேடினார். இந்த நேரத்துக்குத்தானே அந்த வாய்! அவளோ அத்தி மரத்தடியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காலைத் தண்ணீரில் விட்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "ஏம்மா..." என்று கூப்பிட்டார். காதில் விழவில்லை.

வேறு வழியில்லை. கப்சிப் பேசினார்.

"தப்பு என்னுது சார். அவங்க எல்லாரும் வழியில இருக்கிறவங்க. ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல வாசலுக்கு வாசல் நான்தான் நிறுத்துவேன். அதனாலதான் டிக்கெட் சூளை முக்கோட நின்னுடுச்சு. இந்த ரோட்டுல ஆள் இல்லன்னு மெஷின் சொல்றது பொய் சார். இந்தப் பக்கம் பஸ் வராம நின்னுட்டா அந்த நர்ஸம்மா வெயில்ல நடக்கணும், பண்ணைக்காரர் தட்டைத் தலையில வச்சிக்கணும். அதோட, நான் மறைக்கக் கூடாது, எனக்கும் இந்த எடம் வேணும் சார். இங்க உக்காந்து சாப்பிட்டாத்தான் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தெம்பு வருது. வேணும்னா என் பேர்ல நடவடிக்கை எடுங்க. வண்டியை நிறுத்தாதீங்க."

ஆபீசர் அவரையே பார்த்தார். "ஒனக்குப் பேச்சு வராதுன்னுல்ல சொன்னாங்க?"

"வராதுதான் சார்."

ஆபீசர் குளத்தைப் பார்த்தார், திரும்பி நடக்கிறவர்களைப் பார்த்தார், பஸ் திரும்புவதற்கு இருந்த அகலமான மைதானத்தைப் பார்த்தார். "அந்த இடுக்குச் சூளை முக்குல வண்டியைத் திருப்பினா லாரிக்காரங்க என் தலையைத்தான் உருட்டுவாங்க," என்று முணுமுணுத்தார். "நடுவுல ஒரு ஸ்டாப்பிங் போடச் சொல்றேன். ஒழுங்கா டிக்கெட் போடுங்க. வண்டி இங்கயே திரும்பட்டும். ஒனக்கு மெமோ வரும், வாங்கிக்க."

"சந்தோஷம் சார்," என்றார் கப்சிப். மெமோவுக்குச் சந்தோஷம் சொன்ன டிரைவர் அந்த டிப்போவில் அவர் ஒருவர்தான்.

ஓட்டமும் நடையுமாக மரத்தடிக்குப் போனார். நெஞ்சு நிறைய வார்த்தை முட்டிக்கொண்டு நின்றது. இத்தனை வருஷத்தில் அவளிடம் சொல்ல அவருக்கு இவ்வளவு பேச்சு இருந்ததே இல்லை.

"ஏம்மா, கேட்டியா? நானே பேசிட்டேன்! முழுசா! அவர் என்ன சொன்னார் தெரியுமா? நடுவுல ஒரு ஸ்டாப்பிங், வண்டி இங்கயேதான் திரும்பும், அப்புறம் மெமோ..."

அவள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீர்க்கோழி குஞ்சுகளோடு நாணலைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து, அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்," என்றாள்.