பெண் பார்க்கப் போன காரில் ஒரு சின்ன டயர்

என் கார் இரண்டு கை மாறி வந்தது. முன்பு வைத்திருந்தவர், கம்பெனியில் கொடுத்த சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பெரிய அலாய் வீல்களாக மாட்டியிருந்தார். அந்த எடுப்பில் மயங்கித்தான் வாங்கினேன். டிக்கிக்கு அடியில் கிடந்த ஸ்டெப்னியை மட்டும் அவரும் மாற்றவில்லை, நானும் எட்டிப் பார்க்கவில்லை.

பார்க்கும்படி ஆனது, தம்பிக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மூத்தவள் நான், வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். தம்பி எம்ப்ராய்டரி யூனிட்டில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். அதற்குமுன் நான்கு இடம் பார்த்திருந்தோம். நான்கிலும் அவன் மிக்சர் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐந்தாவது இடம் பல்லடத்தில். நாலரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் அந்த வீட்டுப் படி ஏறிவிட வேண்டும் என்று அம்மா மூன்று மணிக்கே எங்களை விரட்டினாள்.

பாதி வழியில் இடது முன்சக்கரம் பொத்தென்று உட்கார்ந்தது. டயரின் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். பஞ்சர் ஒட்டிப் புண்ணியமில்லை.

தம்பி வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு ஸ்டெப்னியை வெளியே எடுத்தான். மூவரும் அதைப் பார்த்து நின்றோம். ஒல்லியாக, பைக் டயருக்குத் தங்கை போல இருந்தது. எண்பதுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று அதில் மஞ்சள் ஸ்டிக்கர் வேறு.

"இதென்ன சாமி, பாப்பா வண்டிச் சக்கரமாட்ட இருக்குது?" என்றாள் அம்மா.

வேறு வழியில்லை. கழற்றிய இடத்திலேயே அதை மாட்டினான். ஜாக்கியை இறக்கியதும் கார் ஒரு பக்கமாகத் தலை சாய்த்தது. ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீரிங் என் கையில் நிற்காமல் இடப்பக்கமே இழுத்தது. எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு வந்த தனியார் பஸ்ஸைப் பார்த்ததும் மறுபடி ஓரம் கட்டினேன்.

பின்னால் வந்த கோழி வண்டி நின்றது. டிரைவர் இறங்கி வந்து, சட்டையில் ஒட்டியிருந்த இறகைத் தட்டிக்கொண்டே குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இத முன்னாடி மாட்டலாமுங்களா? முன்சக்கரந்தானுங்க வண்டியையே இழுக்குது. ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னா கியர்பாக்ஸ் கெட்டுப் போயிருமுங்க. பின்னாடி இருக்கற பெரிய டயர முன்னாடி போட்டுட்டு, இத பின்னாடி போடுங்க. அதும் மெதுவாத்தான் போகோணும்."

தம்பி மறுபடி ஜாக்கியை எடுத்தான். அவரும் கூட இருந்து நட்டு முடுக்கிக் கொடுத்தார். வேலை முடிந்தபோது தம்பியின் சட்டை முன்பக்கம் முழுக்கக் கிரீஸ்.

அதன்பிறகு நாற்பதைத் தாண்டவில்லை. இழுப்பு நின்றுவிட்டது. ஆனால் எங்களைக் கடந்த அத்தனை பேரும் அக்கறையாகக் கையை ஆட்டி, "டயருங்க! டயரு!" என்று கத்திவிட்டுப் போனார்கள். அம்மா ஜன்னல் வழியாக எல்லோருக்கும் "தெரியுமுங்க, தெரியுமுங்க" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நாலு இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண்ணின் அப்பா தறி வைத்திருக்கிறவர். விருந்தாளி வருவதால் தறிகளை நிறுத்தியிருந்தார். அந்த அமைதியில் வாசலுக்கு வந்த பெண், தம்பியைப் பார்ப்பதற்கு முன் காரின் பின்சக்கரத்தைப் பார்த்தாள். நூல் ஏற்றும் பிக்கப் வண்டியை அவள்தான் ஓட்டுகிறாளாம். அது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"இதப் பின்னாடி மாட்டுனது யாருங்க?" என்று கேட்டாள்.

"நாந்தானுங்க," என்றான் தம்பி.

"வெவரமாத்தான் மாட்டியிருக்கறீங்க."

'ஆமாங்க' என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவனோ, "இல்லீங்க, மொதல்ல முன்னாடிதான் மாட்டுனேன். கோழி வண்டிக்காரர் திட்டுனதுக்கப்புறம் மாத்துனேன்," என்று தொடங்கி, ஸ்டீரிங் இழுத்தது, பஸ் வந்தது, நான் பயந்தது வரை ஒன்று விடாமல் ஒப்பித்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நானே கேட்டதில்லை.

"ராகு காலம் வந்துரும், உள்ள வாங்க," என்று அம்மாதான் அடுத்தவர் வீட்டுக்குள் எல்லோரையும் அழைக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை பெண்ணின் அப்பாவிடமிருந்து போன். "பொண்ணுக்குச் சம்மதமுங்க. ஆனா அந்த வண்டிய அப்படியே வெச்சு ஓட்ட வேண்டாம்னு சொல்றாளுங்க," என்றார்.

யூனிட்டில் இருந்த தம்பியைக் கூப்பிட்டு அப்படியே சொன்னேன். எம்ப்ராய்டரி மெஷின்கள் ஓடும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினான்.

"அக்கா," என்றான், "மத்தியானம் பெர்மிஷன் போடறயா? டயர் கடைக்குப் போயிட்டு வந்துரலாம்."