குண்டூசி எடுக்கக் குனிந்தேன்

மகளுக்கு இது தலை தீபாவளி. புடவை எடுக்கப் போன மாதம் தி.நகர் போயிருந்தோம். இரண்டாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததுமே அந்த வாசனை மூக்கில் ஏறியது. புதுத் துணியின் கஞ்சியும் அட்டைப் பெட்டியும் காலையில் போட்ட சாம்பிராணியின் மிச்சமும் கலந்த வாசனை. முப்பது வருடம் கழித்தும் கொஞ்சமும் மாறவில்லை. உடனே என் கால் வலிக்க ஆரம்பித்தது. நம்புங்கள், நான் நின்றது ஐந்து நிமிடம்கூட இல்லை.

அலமாரி ஓரமாக ஒரு பெண் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கம்மா, பட்டா, காட்டனா?" என்றாள். மகள் ஏதோ பதில் சொன்னாள். நான் அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சில வருடங்களுக்கு முன்னால் சட்டமே வந்துவிட்டது. அதைப் பேப்பரில் படித்த அன்று எனக்குச் சமைக்கவே பிடிக்கவில்லை. உப்புமாவைக் கிண்டி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். ஏன் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா வேலை பார்த்த கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். நான் மந்தைவெளியிலிருந்து டவுன் பஸ் பிடித்து தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். பி.காம். முடித்துவிட்டுப் புடவை மடிக்கப் போகிறேனே என்று அம்மாவுக்கு ஒரே துக்கம். எனக்கோ தினமும் நூறு புடவையைத் தொட்டுப் பார்க்கலாம் என்று சந்தோஷம். என் புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது.

காலை ஒன்பதரையிலிருந்து கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். ஈ ஓட்டுகிற மத்தியானத்திலும் நிற்க வேண்டும். வேலைக்காரர்கள் உட்கார்ந்தால் வியாபாரமும் படுத்துவிடும் என்பது முதலாளியின் நம்பிக்கை. சாப்பிடும் அரைமணி நேரத்துக்கு மட்டும் பின்கட்டில் ஒரு பெஞ்சு போட்டிருந்தது. மற்றபடி மேடைமேல் விரித்த வெள்ளை மெத்தை வாங்க வருகிறவர்களுக்கு. அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார்கள். அப்போதெல்லாம் புடவை மடிப்பையும் விலைச் சீட்டையும் குண்டூசியால்தான் குத்தியிருப்பார்கள். யார் காலிலும் ஏறிவிடக் கூடாது என்பதால், தரையில் ஊசியைக் கண்டால் அந்த நிமிடமே குனிந்து எடுத்து, அலமாரி ஓரத்தில் இருக்கும் பஞ்சு உருண்டையில் குத்திவிட வேண்டும்.

நாங்கள் குனிவதற்கு அனுமதி இருந்த வேலை அது ஒன்றுதான். விடுவோமா? வேண்டுமென்றே ஊசியைக் கீழே தட்டிவிட்டு, குந்தி உட்கார்ந்து, தேடுகிற மாதிரி பத்து எண்ணிவிட்டு எழுந்திருப்போம். அந்தப் பத்து எண்ணிக்கையில் இடுப்புக்குக் கிடைக்கும் சுகம் இருக்கிறதே, அதற்கு எதையும் கொடுக்கலாம்.

இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவள் அமுலு. ஊரூர் குப்பத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அம்மா மீன் விற்பவள், பாட்டியும் மீன் விற்றவள். அந்த வீட்டில் பத்தாவது தேறி, கூடை தூக்காமல் வேலைக்கு வந்த முதல் ஆள் இவள்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருமே. இன்னா வாசன வருது?"

"புதுத் துணி வாசனைதான்."

"அவ்ளோதான்! மீன் வாசன இல்ல பாத்தியா?" என்று சொல்லி, அந்தக் கையைத் தானும் ஒருதரம் முகர்ந்துகொண்டாள். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தைய மாதம். தெற்கத்தி ஊரிலிருந்து வந்து கடை ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பெண்ணுக்குக் கால் வீங்கிவிட்டது. கொஞ்ச நேரம் உட்காரட்டுமா என்று கேட்டாள். சூப்பர்வைசர் அவளை வாசலில் கைகூப்பி நிற்கிற வேலைக்கு மாற்றினார். மறுநாள் பின்கட்டு பெஞ்சில் அமுலு டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"சண்ட வோணாம், சத்தம் வோணாம். வெள்ளிக்கெழம மூணு மணிக்கு மொதலாளி மேல வருவாரு இல்ல, அப்போ அல்லாரும் ஒண்ணா உக்காந்துடலாம். அஞ்சே நிமிசம். எத்தினி பேரத்தான் தொரத்துவாரு?"

எங்கள் மாடியில் பதினாறு பேர். எல்லோரும் தலையாட்டினோம். நான் ஆட்டியது கொஞ்சம் பலமாகவே. பி.காம். அல்லவா, தொழிலாளர் உரிமை பற்றி நாலு வார்த்தை வேறு பேசினேன். அமுலு என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முதலாளி படியேறி வந்தார். பின்னாலேயே சூப்பர்வைசர். அமுலு கையிலிருந்த புடவையை மடித்து வைத்துவிட்டு, மேடை விளிம்பில் அமைதியாக உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்தபடி நின்றவள் நான். எனக்கு முழங்கால் மடங்கியது. சத்தியமாக மடங்கியது. பாதி மடங்கும்போது சூப்பர்வைசரின் கண் என்மேல் விழுந்தது. நான் அப்படியே தரைவரைக்கும் குனிந்து, ஒரு குண்டூசியை எடுத்து, போய்ப் பஞ்சு உருண்டையில் குத்தினேன்.

திரும்பிப் பார்த்தேன். பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம்.

முதலாளி கத்தவில்லை. கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். "எந்திரிம்மா. நாம உக்காந்துட்டா கடையில லச்சுமி தங்க மாட்டால்லா?" என்று தன்மையாகத்தான் சொன்னார்.

அமுலு சுவரில் மாலை போட்டிருந்த லட்சுமி படத்தைக் காட்டினாள். "லச்சுமி உக்காந்துகினுதானே கீது மொதலாளி. நின்னுகினு கீறது நாங்கதான்."

மெத்தையில் இருந்த ஒரு அம்மாள் பக்கென்று சிரித்துவிட்டார். சிரிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் ஒருவேளை மன்னிப்போடு போயிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். முதலாளியின் முகம் கறுத்தது. "நாளையில இருந்து இவ வர வேண்டாம்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

தினமும் எல்லோரும் சோதனைக்குக் காட்டுவது போல, அமுலு கைப்பையை வாசலில் திறந்து காட்டிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் பின்கட்டு பெஞ்சையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சோற்றையும் நின்றுகொண்டே தின்றோம். அந்தத் தெருவில் அமுலு ஏறி இறங்காத கடை இல்லை. "உக்காந்தவளா நீ?" என்று கேட்டே திருப்பி அனுப்பினார்களாம். எனக்கோ பட்டுப் பிரிவுக்கு மாற்றம் கிடைத்தது. கடை ஒழுங்கு தெரிந்த பிள்ளை என்றார் சூப்பர்வைசர். அம்மாவுக்கு அன்று பெருமை தாங்கவில்லை. பாயசம் வைத்தாள், குடித்தேன்.

ஹாஸ்டல் பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். வேலை போனால் அன்றைக்கே பெட்டியோடு ரயில் ஏற வேண்டியவர்கள். எனக்குப் போக வீடு இருந்தது. நான் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் இரண்டு பேர் ஆகியிருப்போம். இரண்டு பேரைப் பார்த்து மூன்றாவது ஆள் உட்கார்ந்திருப்பாளோ என்னவோ. இது தெரியாமலே போய்விட்டது.

ஒன்றரை வருடம் கழித்து மந்தைவெளி மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். பலகைமேல் உட்கார்ந்து, முன்னால் அலுமினிய அன்னக்கூடையில் மீனை வைத்துக்கொண்டிருந்தாள். ஓடிவிடலாமா என்று நினைப்பதற்குள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாமே, இன்னும் நின்னுகினுதான் கீறியா? நான் பாரு, ஜம்முனு உக்காந்துகினு கீறேன்!"

சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். கேட்காமலே சங்கரா மீனை ஆய்ந்து, மேலே இரண்டு சேர்த்துப் பையில் போட்டாள். பையைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, கோபமே இல்லாமல், "அன்னிக்கு ஊசி கெடச்சுதா மே?" என்று கேட்டாள்.

அன்று தரையில் ஊசியே இல்லை. வெறும் விரலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போய்ப் பஞ்சில் குத்திவிட்டு வந்தேன். அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. காசைப் பலகைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு மார்க்கெட்டுக்கு வேறு வழியாகப் போனேன், பல வருடம்.

மன்னிப்புக் கேட்கத் துணிவு வந்து ஒருநாள் குப்பத்துக்கே போய் விசாரித்தேன். அவர்கள் வீடு இருந்த சந்தில் வேறு யாரோ இருந்தார்கள். "அமுலக்காவா? அவங்க காலி பண்ணிகினு போய் ரொம்ப நாளாச்சே" என்றான் வலை பின்னிக்கொண்டிருந்தவன். எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை.

மகளுக்கு ஒரு மயில்கழுத்துப் புடவை பிடித்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் அதைப் பிரித்துக் காட்டினாள். விலைச் சீட்டு பிளாஸ்டிக் இழையில் தொங்கியது. மடிப்பிலும் எதுவும் குத்தவில்லை. "ஊசி எல்லாம் இப்ப வர்றதில்லையாம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ நிறுத்திட்டாங்க ஆன்ட்டி" என்றாள். பஞ்சு உருண்டையும் இல்லை. இருந்தாலும் அங்கிருந்து கிளம்பும்வரை என் கண் தரையிலேயேதான் இருந்தது. ஒன்றாவது கிடந்தால் எடுத்து வைத்துக்கொள்ளலாம், என்றைக்காவது அவளைப் பார்த்தால் கிடைத்துவிட்டது என்று சொல்லலாம் என்று.