நூற்றெண்பதைத் தாண்டிய படகு

பிஜி நாட்டின் சுவா துறைமுகத்தில், சரக்குப் படகு அனுப்பும் அலுவலகத்தில் விலிமைனாவுக்கு வேலை. கோரோ தீவில் அவள் ஊரின் முதல் பட்டதாரி. நடுக்கடலில் படகு எங்கே இருக்கிறது என்று திரையில் புள்ளியாகக் காட்டும் புரோகிராமை ஒற்றை ஆளாக எழுதியவள்.

அந்தப் புள்ளிதான் காலை வாரிவிட்டது. லாவ் தீவுகளுக்குப் போகும் படகு தவேயுனித் தீவைத் தாண்டியதும் புரோகிராம் நின்றுவிடும். வெள்ளிக்கிழமைப் பயணத்துக்குள் சரியாகாவிட்டால் பழையபடி ரேடியோவே போதும் என்று சொல்லிவிட்டார் முதலாளி.

உலகத்துப் புரோகிராமர்கள் கூடும் இணையதளத்தில் உதவி கேட்டாள். ஊர் சொல்லி, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு, அவர்கள் நேரத்துக்கு நன்றி சொல்லி, கடைசியில் 'என் புரோகிராம் ஓடவில்லை' என்று முடித்திருந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்து மேசை செமிசி அவளுக்கு அத்தை மகன். கேலி பேச உரிமை உள்ளவன். படித்துவிட்டுச் சிரித்தான்.

"ஊர்ப் பெரியவருகிட்ட உதவி கேக்கப் போயி, காணிக்கையா யங்கோனா வேர முன்னால வச்சு, கும்பிட்டு, ஊர்ப் பெருமையெல்லாம் பேசிட்டு, எதுக்கு வந்தோம்னு சொல்லாமயே எந்திரிச்சு வந்திருக்க."

"தப்பு என்னோடது செமிசி. அத நாலு பேர் முன்னாடி விரிச்சு வைக்க வெக்கமா இருக்கு."

"பல்லு வலிக்குதுங்கிற, வாயத் தெறக்க மாட்டேங்கிற. டாக்டர் எப்படிப் பாப்பாரு?"

மறுபடி எழுதினாள். திரையில் வந்த பிழைச் செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஒட்டினாள். பிழை கிளம்பும் நாலைந்து வரியை மட்டும் வெட்டியெடுத்து வைத்தாள். எதை எதிர்பார்த்தாள், என்ன நடந்தது, என்னென்ன செய்து பார்த்தாள் எல்லாம் சொன்னாள்.

தேநீர் ஆறுவதற்குள் ஐஸ்லாந்திலிருந்து ஒருவர் பதில் போட்டிருந்தார்.

"தீர்க்கரேகை 180.02ன்னு வந்து நிக்குது. படகு கிழக்கால போகுதுல்ல? அடுத்து எங்க இருக்கும்னு நீங்க கூட்டிக்கிட்டே போறீங்க. நூத்தியெண்பதத் தாண்டினா மேற்குக் கணக்கு, மைனஸ்ல வரணும். முந்நூத்தியறுபதக் கழிச்சிடுங்க. அந்த நூத்தியெண்பது டிகிரிக் கோடு கடலுக்குள்ள போற எடத்த நான் படத்துலதான் பாத்திருக்கேன்."

விலிமைனாவுக்கு மேல் சிலிர்த்தது. பனிநாட்டில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத மனிதர், ஒற்றை வரியைப் படித்து, அவளுடைய கடலில் படகு எந்த இடத்தில் தொலைந்தது என்று விரல் வைத்துவிட்டார். அவள் செய்ததெல்லாம் அந்த வரியை மறைக்காமல் காட்டியதுதான்.

அன்றே அந்தக் கழித்தலைப் புரோகிராமில் சேர்த்தாள். வெள்ளிக்கிழமை கிளம்பிய படகு மறுநாள் கோட்டை நெருங்கியபோது அலுவலகமே திரையைச் சூழ்ந்துகொண்டது. புள்ளி கோட்டைத் தொட்டது. பிறகு அந்தப் பக்கம் போய், தன்பாட்டுக்கு நகர்ந்தது.

அந்தப் படகில் போயிருந்த மாலுமி ஒருவரின் மனைவி திரையருகே குனிந்து கேட்டாள்: "இங்கதான் இருக்காரா?"

"இங்கதான்க்கா," என்றாள் விலிமைனா. புள்ளியின் மேல் விரல் வைத்துக் காட்டினாள்.