நான்காம் மேசையிலிருந்து பேசியவன்

குன்னூர் பஸ் நிலையத்துக்கு மேலே ஏறும் சாலையில் இருக்கிறது அந்த உணவகம். உள்ளே போனால் பழைய காலம். கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவி, எனாமல் தட்டு, மேசைக்கு மேசை விரல் விட்டுச் சுழற்றும் தொலைபேசி. பூஜ்யத்தைச் சுழற்றினால் சமையலறையில் மணி அடிக்கும். வேண்டியதைச் சொல்ல வேண்டும். படிப்பை விட்டவர்கள், வீட்டை விட்டு வந்தவர்கள், போலீஸ் கேஸில் மாட்டியவர்கள் என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகளைச் சேர்த்துத் தொழில் கற்றுக்கொடுக்கிறார்கள். வாசல் பலகையிலேயே எழுதியிருந்தது. என் மனைவி நின்று படித்தாள். நான் பலகை படிக்கிற ஆள் இல்லை.

அந்தத் தொலைபேசியைப் பார்த்ததும் எனக்குப் பதினேழு வயதாகிவிட்டது. எங்களுக்கு நான்காம் மேசை. மனைவி கை கழுவப் போயிருந்தாள். பூஜ்யத்தைச் சுழற்றினேன்.

"சொல்லுங்க சார்" என்றது ஒரு பெண்குரல்.

அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்து, "இன்ஸ்பெக்டர் பேசறேன். சமைக்கிறது யாரு? அங்கயே இரு, வர்றோம்" என்றேன்.

சிரிப்பை எதிர்பார்த்தேன். ஏதோ பாத்திரம் விழுந்தது. பிறகு எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும்.

பத்து நிமிடம் கழித்து, மனைவி திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, மேற்பார்வையாளர் அம்மா வந்தார். மனைவி கட்லெட் கேட்டாள். "கொஞ்சம் லேட்டாகுங்க. சமையல் பொண்ணு பின்வாசல் வழியா போயிட்டா. ஏன்னே தெரியல."

"வந்துருவாளாங்க?" என்றாள் மனைவி.

"ஏற்கெனவே ரெண்டு தடவ இப்படிப் போயிருக்கா. மூணாவது தடவன்னா சேர்த்துக்கறதில்லைங்க. அடுத்த வாரம் ஊட்டியில ஒரு ஓட்டல்ல வேலைக்குச் சேர வேண்டியவ."

குன்னூர்க் குளிரில் எனக்கு முதுகு வேர்த்தது. எழுந்து ஒப்புக்கொள்வதா, கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வதா? "ராங் நம்பர் ஏதாச்சும் வந்திருக்கும்" என்று என் வாய் தானாகச் சொன்னது.

"இந்த போனுக்கு வெளியிலிருந்து வராதுங்க."

மனைவி தொலைபேசியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, எந்திரிங்க" என்றாள்.

"நான்தாங்க பண்ணுனேன்" என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன். எந்தப் பக்கம் ஓடுவது என்று கேட்டுக்கொள்ளவில்லை. மேட்டில் ஏறிப் பாதி தூரம் போனபிறகு மனைவி கீழே கை காட்டுவது தெரிந்தது. திரும்பி இறங்கி டீக்கடையில், "ஏப்ரன் கட்டுன பொண்ணு போச்சுங்களா?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு?" என்றார் கடைக்காரர். நியாயமான கேள்வி. பின்னால் வந்த மனைவி கேட்டதும் பஸ் நிலையத்தைக் காட்டினார்.

கோத்தகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். ஏப்ரன் இடுப்பிலேயே இருந்தது.

"பாப்பா, போலீஸெல்லாம் இல்ல. நான்தான் வெளையாட்டுக்குப் பேசுனேன்."

"நீங்க இல்லீங்க சார். அது நல்ல கனமான கொரலு." பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "டேபிள் போன்ல வந்துச்சுன்னா போலீஸ் உள்ளயே வந்து ஒக்காந்துட்டாங்கன்னுதானே? அண்ணன் கேஸுக்கு என்னையப் பூரா நாளும் ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சாங்க. எங்க கடை அக்கா கூட்டியாரச் சொன்னாங்களா? வந்தா புடிச்சுக் குடுக்கவா?"

நான்தான் என்று நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. பஸ் படியில் நின்று, "இன்ஸ்பெக்டர் பேசறேன்" என்றேன். பயத்தில் குரல் கீச்சென்று வந்தது. பஸ் முழுக்கத் திரும்பியது.

"பாத்தீங்களா, நீங்க இல்ல" என்றாள் அவள்.

"ஊட்டுல நல்லாத்தான கத்துவீங்க" என்றாள் மனைவி.

கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, "சமைக்கிறது யாரு? அங்கயே இரு, வர்றோம்" என்று முழங்கினேன். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். அந்தப் பெண் என்னையே பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா எனக்குத் தெரியவில்லை. இறங்கிவிட்டாள்.

உணவகத்துக்குக் கூட்டி வந்தோம். மேற்பார்வையாளர் அம்மா சிரிக்கவில்லை. "வெளிய போனது போனதுதாங்க. இவளா போகலன்னு நீங்க எழுதிக் குடுத்தா ஃபைல்ல வெக்கிறேன்." ஆர்டர் சீட்டின் பின்பக்கம் எழுதினேன். வேலையில் எத்தனையோ விளக்கக் கடிதம் எழுதியவன். 'மேற்படி நான் இன்ஸ்பெக்டர் அல்ல' என்பதற்கு மேல் நகரவில்லை. மீதியை மனைவி சொல்லச் சொல்ல எழுதினேன். அந்த அம்மா இரண்டு முறை படித்துவிட்டு, "போய் அடுப்பைப் பாரு" என்று அவளிடம் சொன்னார்.

கடைசியில் கட்லெட் வந்தது. முதல் வாயிலேயே கண்ணில் நீர் கொட்டியது; அப்படி ஒரு காரம். மனைவி தன் தட்டில் இருந்ததை நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காரமே இல்லை என்றாள். கை தவறி விழுந்த மிளகாயா, எனக்கென்றே போட்டதா?

தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்துக் கேட்கத் துணிவில்லை. முழுவதையும் தின்றுவிட்டேன்.