தனியே ஆடும் வெண்கொக்கு

ஜப்பானின் அமகசாக்கி ஊரில் எங்கள் கடைத்தெருவின் கோடியில், என் காபிக் கடைக்கு அடுத்த வாசல் 'மிகாசா' கேம் சென்டர். அதன் உள்மூலையில் நிற்கும் ஒரு பழைய வீடியோ கேம் இயந்திரத்தின் கண்ணாடியில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பச்சைப் பொய். அந்த இயந்திரத்துக்கு ஒரு பழுதும் கிடையாது. அந்தக் கடையைக் கவனித்துக்கொள்ளும் மினேகிஷி தொகியே அக்கா தினமும் காலையில் வந்ததும் அதன் பின்கதவைத் திறந்து தூசி ஊதி, கண்ணாடியைத் துடைத்து, மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக அதற்குத்தான் சுவிட்சு போடுவாள். ஆனால் ஒருத்தரையும் காசு போட விடமாட்டாள்.

காசு விழாத நேரத்தில் இந்த மாதிரி இயந்திரங்கள் சும்மா இருப்பதில்லை. போகிறவன் வருகிறவனை இழுப்பதற்காகத் தாமே ஆடிக் காட்டும். இதில் இருக்கும் ஆட்டம் ஷிராசகி, அதாவது வெண்கொக்கு, இரண்டாம் பாகம். கறுப்பு வானத்தில் கீழிருந்து ஒரு வெள்ளை விமானம் ஏறி வரும். எதிரி வரிசைகளுக்கு நடுவே ஊசியில் நூல் கோத்த மாதிரி புகுந்து போகும். பெரிய கப்பல் எதிரே வந்ததும், சுடுவதற்கு முன்னால் விமானம் வலப்பக்கம் இரண்டு சின்னத் தட்டுத் தட்டிக்கொள்ளும், பேசப்போகிறவன் தொண்டையைச் செருமிக்கொள்வது போல. பிறகு சுடும். கப்பல் சிதறி வானம் காலியாகிவிடும். அந்தக் காலி வானத்தில் ஒரே ஒரு குண்டு மெதுவாக இறங்கி வரும். விலக எவ்வளவோ இடம் இருந்தும், விமானம் சட்டென்று பக்கவாட்டில் போய் அதில் மோதிச் சாகும். அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் வரும். மறுபடியும் கீழிருந்து வெள்ளை விமானம்.

அந்த இரண்டு தட்டும் குனிஹிரோவின் கை. அக்காவின் ஒரே தம்பி. அவன் செத்துப் போய் ஒரு வாழ்நாள் ஆகிறது. அவன் கை மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

முதல் வெண்கொக்கு வந்தபோது ஊருக்கே பைத்தியம் பிடித்தது. என் அப்பா கடையிலிருந்த மேசைகளைத் தூக்கி எறிந்துவிட்டு, கண்ணாடிக்கு அடியில் திரை வைத்த மேசைகளை வாங்கிப் போட்டார். ஜனங்கள் திரையின் மேலேயே கோப்பையை வைத்துக்கொண்டு சுட்டார்கள். காபி ஆறிப் போனது எவனுக்கும் தெரியவில்லை. நல்ல காபி போடுவதற்கு அர்த்தமே இல்லாத காலம் அது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்போது தொகியே அக்கா மிகாசாவில் சில்லறை மாற்றிக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். அப்பா அம்மா இல்லாத வீடு. தம்பி ஆணித் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் நேராக அவளிடம்தான் வருவான். வந்து வெண்கொக்கின் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான்.

"சனியனே, அந்தக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டே கிழவனாகப் போறியா?" என்று அக்கா கத்துவாள்.

"கிழவனானா என்ன? நீதான் சோறு போடப் போறே," என்பான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புது ஆட்டத்தை வெளியே விடும் முன்னால் கம்பெனிக்காரர்கள் எங்களுடையது மாதிரி ஏதாவது ஒரு மூலைக் கடையில் அதைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து வைப்பார்கள். ஜனங்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பின்னால் கைகட்டி நின்று பார்ப்பார்கள். பெயர் சொல்லமாட்டார்கள். போட்டிக் கம்பெனி ஆளைத் தட்டிக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில், ஆட்டத்தின் முடிவில் வரும் பெயர்கள்கூடப் பட்டப்பெயர்களாகத்தான் இருக்கும். அப்படி இரண்டாம் பாகத்தோடு வந்தவர்கள் குனிஹிரோவின் கையைப் பார்த்து மயங்கிப்போய், இயந்திரம் தானே ஆடிக் காட்டும் பகுதியை இவனே ஆடித் தரட்டும் என்று ஒருநாள் ஒசாகாவுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். கொக்குச் சின்னம் போட்ட புதுச் சட்டையோடு திரும்பியவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "இனிமே அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்றான். ஏன் என்று அக்கா கேட்டதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்தக் குளிர்காலத்தில் பட்டப்பகலில், கால்வாய் ஓரம் நேராகப் போகும் சாலையில், நின்றுகொண்டிருந்த லாரியில் ஸ்கூட்டரோடு போய் மோதினான். சாலையில் வேறு வண்டி இல்லை. கவனக்குறைவு என்றது போலீஸ். அன்று காலையில்தான் அக்கா அவனை, "உன்னால எனக்கு ஒரு வாழ்க்கையும் இல்லை" என்று திட்டி அனுப்பியிருந்தாள்.

வசந்தத்தில் இரண்டாம் பாகம் வந்து இறங்கியது. அக்காதான் முதலில் சுவிட்சு போட்டாள்.

அவள் மனதில் இருந்ததை என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள், என் கடையில் உட்கார்ந்து, கோப்பையைத் தொடாமல்.

"ரோடு காலி. வானமும் காலி. ரெண்டுலயும் வேணும்னே போய் மோதியிருக்கான். நிஷிவாகி, சாகறதுக்கு முன்னாடியே அவன் என்கிட்ட சொல்லிட்டான். எனக்குத்தான் புரியலை. நான் திட்டித் திட்டித்தான் அவன் போனான்."

நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லாதபோது அவள் எப்படி நம்புவாள்? மழை நாட்களில் தெரு அடங்கியிருக்கும்போது என் கடைச் சுவர் வழியாக அந்த விமானம் சாகும் சத்தம் கேட்கும். காபி ஊற்றும் கை நின்றுவிடும். அடுத்த சாவு வரைக்கும் ஊற்ற முடியாது.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஈயம் உருக்கிப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டாள், பழைய மின்பலகைகளை வாங்கிப் பாகங்களைப் பிடுங்கிச் சேர்த்து வைத்தாள், எல்லாம் அந்த ஒரு இயந்திரம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. ஓபோன் நாட்களில் ஊரே இறந்தவர்களைக் கூப்பிடக் கல்லறைக்குப் போகும். அக்கா அவனுக்குப் பிடித்த முலாம்பழச் சோடாவைத் திறந்து இயந்திரத்தின் தலையில் வைப்பாள். அவன் வேறு எங்கேயும் இல்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அதைவிடக் கொடுமை, ஒவ்வொரு முறையும் கடைசிவரை பார்ப்பாள். இந்தத் தடவையாவது விலகுவானா என்று பார்க்கிற பார்வை அது.

வெண்கொக்கின் கதையோ அவளைக் கேட்காமல் நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் பாகத்தில் திரை முழுக்கக் குண்டுமழை. பித்துப் பிடித்தவர்கள் மட்டும் ஆடினார்கள். நான்காவது வீட்டு டிவிக்குப் போனது. கம்பெனி மூழ்கியது. பெயர் மட்டும் கைமாறிக் கைமாறிப் போய், நேற்றுப் பிறந்த பிள்ளைகள் கொக்குப் படம் போட்ட சட்டையோடு எங்கள் தெருவுக்கு வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாப் பாகங்களையும் சேர்த்துப் புதிதாக வெளியிடப் போகிறார்களாம். அதில், செத்தால் காலத்தைப் பின்னால் ஓட்டிப் பிழைத்துக்கொள்ள ஒரு பொத்தான் உண்டாம். செய்தித்தாளில் படித்ததை வாய் சும்மா இல்லாமல் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் தரை துடைக்கப் போனாள்.

அந்த வெளியீட்டுக்காகத்தான் போன இலையுதிர்காலத்தில் இவகிரி என்ற கிழவர் வந்தார். பழைய கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அசல் இயந்திரம் ஓடுவதைப் படம் பிடிக்க வேண்டும் என்று, மரியாதைக்கு ஒரு பெட்டி மாஞ்சூ இனிப்பும் கையுமாக நின்றார். நான் அக்காவுக்குக் காபி கொண்டுபோயிருந்தேன்.

"இது ஓடுதுங்களா?"

"அட்டையில எழுதியிருக்கே, படிக்கலையா?" என்றாள் அக்கா.

"படிச்சேன். ஆனா ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். இரண்டு தட்டைக் கண்டதும் சிரித்துக்கொண்டார். வானம் காலியானது, குண்டு இறங்கியது, விமானம் செத்தது. "பாவம், இன்னமும் இப்படித்தான் சாகுறான்," என்றார்.

அக்காவின் கையிலிருந்த துணி நின்றது. "யாரைச் சொல்றீங்க?"

"இதை ஆடின பையனை. இந்த ஊர்க்காரன்தான். திமிரு பிடிச்சவன், ஆனா கை இருக்கே, அப்பப்பா."

"அவன் ஏன் அந்தக் குண்டுல போய் மோதினான்?"

கடையில் முள்ளங்கி விலை கேட்கும் குரலில்தான் கேட்டாள்.

"அவனா மோதினான்? அந்தக் கூத்தை ஏன் கேக்குறீங்க! சாகாத விமானத்தைப் பார்த்தா எவன் காசு போடுவான்? 'இந்த மடையனைவிட நான் நல்லா ஆடுவேன்'னு பாக்குறவனுக்குத் தோணணும், அதனால சாகச் சொல்லுன்னாரு எங்க மேலாளர். பையனும் சரின்னான். காலையிலேர்ந்து ஆடுறான், சாகவே வரலை. குண்டு கிட்ட வந்ததும் கை தானா ஒதுங்கிடுது. கண்ணை மூடிக்கிட்டு ஆடினான். அப்பவும் சத்தத்தை வெச்சு ஒதுங்கிட்டான். சாயங்காலம் ஆயிடுச்சு. மேலாளர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாரு. நான் இடப்பக்கம் நின்னுக்கிட்டிருந்தேன். வானம் காலி, ஒரே குண்டு. அவன் முழங்கையில ஒரு இடி இடிச்சேன். முடிஞ்சுது. பதிவாயிடுச்சு." கிழவர் தலையை ஆட்டினார். "'நான் சாகலை, நீதான் கொன்னே'ன்னு என்னைப் பார்த்து எப்படிக் கத்தினான் தெரியுமா! அன்னிக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. இன்னும் கோவம் தீரலையோ என்னமோ. இந்தப் பக்கம்தான் இருக்கானா?"

"என் தம்பி," என்றாள் அக்கா. "அந்தக் குளிர்லயே போயிட்டான்."

இவகிரி மாஞ்சூப் பெட்டியோடு இடுப்பு ஒடியக் குனிந்தார். நிமிரவே இல்லை. அந்த ஆளை அறையவும் தோன்றியது, கையைப் பிடித்துக்கொண்டு அழவும் தோன்றியது எனக்கு.

"நிமிருங்க. இன்னொரு தடவை சொல்லுங்க. கண்ணை மூடிக்கிட்டும் ஒதுங்கினானா?"

"ஒதுங்கினான்மா."

"சாகச் சொல்லியும் வரலையா?"

"வரலைம்மா. எவ்வளவோ பார்த்தான். வரலை."

அக்கா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் சாவுக்குக்கூட அவள் இப்படிச் சத்தம் போட்டு அழுததில்லை. பிறகு இயந்திரம் துடைக்கும் துணியாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கேட்டியா நிஷிவாகி? அப்போ அந்த ரோட்டுலயும் அவன் எதுக்கோ ஒதுங்கியிருக்கான். ஏதாவது பூனை குறுக்க வந்திருக்கும். ஒதுங்கப் போய்த்தான் லாரியில..."

"கேட்டேன்க்கா."

பூனை வந்ததோ என்னவோ, யாருக்கும் தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை. ஆனால் நான் அதை நம்புகிறேன், இந்த முறை நிஜமாகவே.

மறுநாள் காலையில் அட்டை இல்லை. கொக்குச் சட்டை போட்ட ஒரு கல்லூரிப் பெண் முதலில் காசு போட்டாள். குனிஹிரோவின் விமானம் பாதி வானத்தில் அப்படியே மறைந்தது. அந்தப் பெண் ஆரம்பித்த வேகத்தில் செத்து, வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"இந்த மடையனைவிட நல்லா ஆடலாம்னு நினைச்சியாக்கும்?" என்றாள் அக்கா.

"ஆமா அத்தை!"

"நினைப்பே. அதுக்குத்தானே அவனைச் சாகடிச்சிருக்காங்க."

இப்போது பகலெல்லாம் யாராவது அதில் ஆடுகிறார்கள். ஆள் இல்லாத நேரத்தில் மறுபடி அவன் வருகிறான். நேற்று மழை. கூட்டமில்லை. காபியோடு உள்ளே போனேன். அக்கா இயந்திரத்தின் முன்னால் உட்காராமல், அதன் இடப்பக்கம் ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு தட்டு, கப்பல் சிதறியது, வானம் காலியானது. அப்போது அவள் கைப்பிடிக்குப் பக்கத்தில், ஒருவன் உட்கார்ந்தால் முழங்கை இருக்கும் இடத்தில், உள்ளங்கையை வெளிப்பக்கம் விரித்து அணை மாதிரி வைத்தாள். யாரையோ தள்ளவிடாமல் தடுக்கிற கை. மூச்சுக்கூட விடவில்லை.

விமானம் சட்டென்று பக்கவாட்டில் போய் மோதிச் செத்தது.

அவள் கையை எடுத்தாள். காபியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். பெயர்ப் பட்டியல் போய், கீழிருந்து வெள்ளை விமானம் ஏறி வந்துகொண்டிருந்தது. அவள் மறுபடியும் கையை அதே இடத்தில் வைத்தாள்.