ரெவெல்ஸ்டோக்கா, ட்ரெம்ப்ளானா?

பனிச்சறுக்குக்குப் போக ஊர் தெரிவுசெய்யப் போய் என் தம்பியின் உதட்டைக் கிழித்துவிட்டேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் வயதில் ஒரு அக்காவும் தம்பியும் கைகலந்தார்கள் என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது நான் குடியிருக்கும் வோபர்ன் முழுக்கத் தெரிந்த விசயம்தான்.

ஒவ்வொரு மார்கழியும் நத்தார் விடுமுறைக்கு எங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் பனிமலைக்குப் போகும். பிள்ளைகள் சறுக்குவார்கள். பெரியவர்கள் நாங்கள் ஜக்கெட்டைக் கழற்றாமல் கீழே உட்கார்ந்து, பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணீரைக் குடித்து, கட்லட் தின்று, விழுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்போம். அம்மா, அப்பா இருவரும் போன பிறகு எனக்கு இரத்த உறவென்று மிஞ்சியவன் இந்தத் தம்பி ஒருவன்தான். அவன் வராத விடுமுறை எனக்கு விடுமுறையே இல்லை.

இந்த முறை நான் ட்ரெம்ப்ளான் என்றேன். கியூபெக்தானே, எங்கள் வான் வண்டியிலேயே ஓடிவிடலாம். ரைஸ் குக்கரையும் உறையவைத்த மீன் குழம்பையும் ஏற்றிக்கொள்ளலாம். தம்பி ரெவெல்ஸ்டோக் என்றான். அது எங்கோ மேற்கே கிடக்கிறது. விமானத்தில் போய், இறங்கிய பிறகும் மலைப்பாதையில் நெடுநேரம் கார் ஓட்ட வேண்டும். ஏனடா அவ்வளவு தூரம் என்று கேட்டால், "நல்ல மலை அக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வான். கிழமைக்கணக்காகப் போனில் இழுபட்டோம். கடைசியில் பேசி முடிப்பதற்காக ஒரு ஞாயிறு மத்தியானம் நானும் என் கணவரும் அஜக்ஸில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனோம். பிள்ளைகள் மேலே விளையாடினார்கள். நாங்களும் தம்பியும் அவன் மனைவியும் பேஸ்மென்டில் இருந்தோம்.

"இந்த ஒருக்கா நீ விட்டுத்தா அக்கா" என்றான்.

"ஏன், ட்ரெம்ப்ளானிலை பனி இல்லையே?"

"பனி இல்லை விசயம். இதைப் பாத்திட்டுச் சொல்லு."

சுவரை அடைத்த டிவியில் ஒரு வீடியோவைப் போட்டான். ரெவெல்ஸ்டோக் போகிற பாதையை மறித்து வைத்திருந்த இடத்தில், காரோடு காத்துநின்ற யாரோ எடுத்தது. மலையில் குவிந்த பனி திடீரென்று கீழே போகும் வாகனங்கள் மேல் சரிந்துவிடாமல், முன்கூட்டியே அடித்துச் சரிய வைப்பார்களாம். எதனால் அடிப்பார்கள் என்று நான் யோசிப்பதற்குள் வெள்ளை மலைக்கு எதிரே பச்சை நிறத்தில் ஒரு பீரங்கி தெரிந்தது. சுற்றிலும் ஆமிக்காரர்கள்.

டும்.

ஷெல் குத்துகிற சத்தம். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. குழலை விட்டுக் கிளம்பும்போது குத்துகிற சத்தம் முதலில் வரும், விழுகிற சத்தம் பிறகு வரும். இடையில் பங்கருக்குள் எண்ணிக்கொண்டு கிடப்போம். அப்படி எண்ணிக்கொண்டு கிடந்த ஒரு நாளில்தான் எனக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்தவள் முற்றத்தில் சிதறிப் போனாள். கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்க ஓடியிருந்தாள்.

வீடியோவில் விழுகிற சத்தம் வருமுன்பே என் கையிலிருந்த தேத்தண்ணீர்க் கோப்பை டிவியில் போய் வெடித்தது. படம் கறுத்தது.

"உனக்கென்ன விசரே? ஆரைக் கூட்டிக்கொண்டு எங்கையடா போகப் பாக்கிறாய்? செத்தவளை மறந்துபோனியோ?"

"மறந்தவன் உங்கை போகக் கேப்பனோ?" என்று கத்திக்கொண்டு அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். மற்றக் கையால் ஓங்கி அறைந்தேன். மோதிரம் உதட்டைக் கிழித்தது. இடையில் விழுந்த என் கணவர், அவன் தள்ளிய தள்ளில் கண்ணாடி மேசையோடு சரிந்தார். "ஐயோ, உதுகளுக்குப் பேய் பிடிச்சிட்டுது" என்று அலறிய தம்பி மனைவி, பிள்ளைகள் இறங்கி வராமல் படிக்கதவை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றாள். நான் அவன் தலைமயிரைப் பிடித்து உலுக்கினேன். அந்த நேரம் அவனைக் கொன்றுவிடத்தான் நினைத்தேன். அவனும் என்னை உதறிவிட்டுக் கையை ஓங்கினான். ஓங்கிய கை கடைசி நேரத்தில் திரும்பிச் சுவரில் இறங்கியது. இந்த நாட்டுச் சுவர் அட்டைச் சுவர்தானே. முழங்கை வரைக்கும் உள்ளே போன கை வெளியே வர மறுத்தது.

கையைச் சுவருக்குள் வைத்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னான்.

"ஒவ்வொரு நாளும் நீ என்ரை காதைப் பொத்தினனி அக்கா. அண்டைக்கும் பொத்தினனி. நான் ஒண்டும் கேக்கேல்லை. உன்ரை வாய் எண்ணுறதைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தனான். இப்பவும் கனவிலை உன்ரை வாய் வருது, சத்தம் வருகுதில்லை. சின்னக்கா என்ன சத்தத்தைக் கேட்டுக்கொண்டு செத்தவள் எண்டு எனக்குத் தெரியோணும். அங்கை ஷெல் அடிக்கிறாங்கள், ஒருத்தரும் சாகினமில்லை. நான் அங்கை நிண்டு கேக்கப்போறன். நீ வந்தா உன்னோடை. வராட்டித் தனிய."

அவனைக் காப்பாற்றியதாகத்தான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவனோ அந்த முற்றத்தின் வாசலிலேயே இன்னும் நிற்கிறான். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு எத்தனை வருசம் என்னோடு கட்லட் தின்றிருக்கிறான்.

டிவியில் படம்தான் செத்திருந்தது, சத்தம் சாகவில்லை. முடிந்துபோன வீடியோ தானாக மறுபடியும் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. காற்று இரைந்தது. யாரோ ஆங்கிலத்தில் பேசினார்கள். வரப்போவது தெரிந்ததும் என் இரண்டு கைகளும் தாமாகவே போய் அவன் காதுகளைப் பொத்தின.

"எடு அக்கா."

எடுத்தேன். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் தோளில் வைத்தேன்.

டும்.

நான் எண்ணத் தொடங்கினேன். இந்த முறை வாய்விட்டு எண்ணினேன். அவனும் கூட எண்ணினான். கீழே கிடந்த என் கணவர் எழும்பாமல் அப்படியே இருந்தார். மலையில் எங்கோ அது விழுந்து வெடித்தது. பிறகு பனி சரியும் இரைச்சல். அதற்குப் பிறகு, காத்துநின்ற கார்க்காரர்கள் கைதட்டினார்கள். ஒரு குழந்தை, "அகெய்ன், அகெய்ன்" என்று கத்தியது.

தம்பி கையைச் சுவரிலிருந்து உருவிக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"உண்மையிலும் இப்பிடித்தானோ அக்கா சத்தம்?"

"இல்லையடா, டிவியிலை குறைச்சுத்தான் கேக்கும்" என்றேன். நான் போர்த்திருந்த சோலின் நுனியால் அவன் உதட்டை ஒற்றினேன். "பிளேன் ரிக்கெற்றைப் போடு. நேரிலை நிண்டு கேப்பம். நான் பக்கத்திலை நிண்டு எண்ணுறன்."